சங்கிலியைக் கழற்றியது யார்?

சில மாதங்களுக்கு முன்னர் பாரிசில் நடந்த ஒரு கலந்துரையாடலில் நண்பர் ஒருவர் சொன்னார்: "வெள்ளைக்காரன் தாய்தேப்பனைக் கொண்டுபோய் இல்லத்திலை தள்ளுறான். நாங்கள் வைச்சுப் பாக்கிறம். எங்கடை பண்பாட்டிலை மிஞ்சியிருக்கிறது இதொண்டுதான்." எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிய அதே கைகளால்தான் அதற்கு முந்திய வாரம் எனது தாயாரின் அறைக்கதவுக்கு வெளிப்பக்கமாக ஒரு கொண்டி பூட்டியிருந்தேன்.

அம்மாவுக்கு எண்பத்துநான்கு வயது. விடியப்புறம் எழும்பி ஒரு பிளாஸ்ரிக் பையில் இரண்டு சீலையைச் சுருட்டி வைத்துக்கொண்டு, "வெளிக்கிடுங்கோ, நாவற்குழிப் பாலம் தாண்டவேணும்" என்பா. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் அந்த வழியால் நடந்தது. அந்த இரவு அவவுக்கு இன்னும் முடியவில்லை. நான் வடக்குப் புறநகரில் உணவுப்பொருட்கள் பொதிசெய்யும் தொழிற்சாலையொன்றில் இரவு வேலை. மனைவி காலை ஐந்து மணிக்கு அலுவலகங்கள் துப்பரவு செய்யப் போவாள். நான் வந்துசேர ஏழரையாகும். இடையில் இரண்டரை மணித்தியாலம். இருமுறை அம்மா தெருவுக்குப் போய்விட்டா. மூன்றாம் முறை நடக்கக்கூடாது என்று கொண்டி பூட்டினேன். கொண்டியை வாங்கியவன் நான். ஒவ்வொரு நாளும் திறப்பைத் திருப்பவேண்டியவள் மனைவி. ஒருநாள் நான் வந்தபோது கதவைத் தட்டித்தட்டி அம்மாவின் கை கண்டிப்போயிருந்தது.

ஊரில் வரலாறு படிப்பித்தவன் என்பதால், செய்த காரியத்துக்கு வரலாற்றில் என்ன பெயர் என்று தேடினேன். தேடப்போனால் அது நாம் ஒவ்வொரு சனிக்கிழமையும் மரக்கறி வாங்கப்போகும் தெருவிலேயே கிடந்தது.

1

ரூ து ஃபொபூர் சேன்-தெனியின் மேல்முனைதான் எமக்கு லாச்சப்பல். கார் து நோர் தாண்டி, கடைகள் தொடங்கும் இடத்திலிருந்து மெத்ரோப் பாலம் வரை. கீழ்ப்பக்கமாக இறங்கி நடந்தால் 107ஆம் இலக்கத்தடியில் செயின்-லசார் என்ற பழைய வளாகம் வரும். 12ஆம் நூற்றாண்டில் அது நகருக்கு வெளியே தொழுநோயாளருக்கான விடுதி. தொழுநோய் குறைந்தபின் 1632இல் அது வின்சென்ற் து போல் என்ற குருவானவரின் சபைக்குக் கைமாறியது. அங்கே ஏற்கெனவே சில சித்தசுவாதீனமற்றவர்கள் அடைபட்டிருந்தார்கள். விடுதியை இழக்கவேண்டிவரும் என்ற ஒரு வழக்கு வந்தபோது, எதை விட்டுப்போவது தனக்குத் துயரம் தரும் என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டதாகவும், அந்தப் பித்தர்களைப் பிரிவதுதான் என்று உணர்ந்ததாகவும் அவருடைய முதற் சரிதக்காரர் எழுதியிருக்கிறார்.

ஆனால் அதே விடுதி பின்னர் குடும்பங்கள் பணம் கட்டித் தமக்கு ஒத்துவராதவர்களை அடைத்துவைக்கும் இடமுமாயிற்று. சொல்வழி கேளாத மகன், குடும்ப மானத்தைக் குலைத்தவர், புத்தி பேதலித்தவர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ். 1789 ஜூலை 13ஆந் திகதி, பஸ்தீல் விழுவதற்கு முதல்நாள், மக்கள் இதைத்தான் சூறையாடினார்கள். தானியம் பதுக்கப்பட்டிருக்கிறது என்பதற்காக. புரட்சி அதைச் சிறையாக்கியது. 19ஆம் நூற்றாண்டில் பெண்கள் சிறை, பின்னர் மருத்துவமனை. 2015 முதல் அந்த வளாகத்தில் ஒரு பொது நூலகம் இருக்கிறது. இக்கட்டுரைக்கான சில பக்கங்களை அங்கிருந்துதான் வாசித்தேன்.

மேல்முனையில், எமது கடைகளுக்கு நடுவே, 200ஆம் இலக்கம். 1858இல் மாநகரச் சுகாதார இல்லம் இங்கே இடம்மாறி வந்தது. கட்டணம் செலுத்தக்கூடிய நடுத்தர வர்க்கத்தினருக்கான மருத்துவமனை அது. பின்னாளில் ஃபெர்னான்-விடால் என்று பெயர் பெற்றது. முதியோர் மருத்துவமும் ஞாபக இழப்பு நோய்களுக்கான நிலையமும் இங்கே இயங்கின. அதன் வாசலுக்கு எதிரே நின்று நாம் பல வருடங்களாக முருங்கைக்காய்க்கு விலை கேட்டிருக்கிறோம். வாசலுக்கும் எமக்கும் இடையே இருந்தது ஒரு தெருவின் அகலந்தான். ஆனால் அதைக் கடந்தவர்கள் மிகக் குறைவு.

2

1990களில் எமது சிற்றிதழ்களில் ஃபூக்கோவைப் பேசாத இதழ் அரிது. 1656இல் பாரிசில் பொது மருத்துவமனை அமைக்கப்பட்டதை 'பெரும் அடைப்பு' என்று அவர் விளக்கியதை நாம் அதிகாரம் பற்றிய விவாதங்களுக்கு எடுத்தாண்டோம். அதில் நாம் கவனிக்காத ஒன்று உண்டு. அடைக்கப்பட்டவர்களில் பெருந்தொகையினர் பித்தர்களல்ல, வயோதிபர்கள். 19ஆம் நூற்றாண்டில் சல்பெத்ரியேருக்கும் பிசேத்ருக்கும் இருந்த உத்தியோகபூர்வப் பெயரே முதுமை விடுதி என்பதுதான். முன்னது பெண்களுக்கு, பின்னது ஆண்களுக்கு. 1862இல் சல்பெத்ரியேரில் பொறுப்பேற்ற ஷார்க்கோ, ஹிஸ்ரீரியா ஆய்வால் பெயர் பெறுவதற்கு முன்னர், அங்கு கிடந்த கிழவிகளின் உடல்களைக் கொண்டுதான் முதியோர் நோய்கள் பற்றிய தமது விரிவுரைகளை நிகழ்த்தினார். முதுமையும் சித்தப்பிரமையும் ஒரே மதிலுக்குள் வைக்கப்பட்ட வரலாறு இது.

இந்த மதிலுக்குள்தான் புகழ்பெற்ற அந்தக் காட்சி வருகிறது: மருத்துவர் பினெல் பைத்தியகாரரின் சங்கிலிகளைக் கழற்றுகிறார். 1876இல் றொபேர்-ஃப்ளறி வரைந்த ஓவியம் அதைப் பாடப்புத்தகங்களுக்குள் கொண்டுசென்றது. நடந்தது வேறு. பிசேத்ரில் சங்கிலிகளைக் கழற்றியவர் ழோன்-பப்ரீஸ்த் பூசன். தோல் பதனிடும் தொழிலாளி. 1771இல் கண்டமாலை நோயுடன் அங்கே நோயாளியாக வந்து, சுகமாகி, அங்கேயே வேலைசெய்து, பித்தர் பகுதியின் மேற்பார்வையாளரானவர். அவரும் மனைவி மார்கரீத்தும் அந்த மனிதர்களோடு பேசி, அடிப்பதை நிறுத்தி, 1797இல் சங்கிலிகளை அகற்றினார்கள். பினெல் அப்போது சல்பெத்ரியேருக்கு மாறிப் போயிருந்தார். அங்கே அதைச் செய்தது சில வருடங்களின் பின்னர்தான். பூசனிடம் கற்றதைத் தமது நூலில் பினெல் மறைக்கவில்லை. ஓவியமும் ஞாபகார்த்தச் சிலைகளுந்தான் மறைத்தன.

நோயாளியோடு நாள் முழுக்க இருப்பவரே சங்கிலியைக் கழற்றுகிறார். பெயர் மருத்துவருக்கும் கட்டடத்துக்கும் போகிறது. பராமரிப்பின் வரலாறு எங்கும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. பூசனின் பெயராவது ஓரத்தில் எஞ்சியது. மார்கரீத் என்ற பெயர் அதற்கும் ஓரத்தில்.

3

எமது பக்கத்துக்கு வருவோம். இலங்கையில் பிரித்தானியர் 1873இல் பித்தர் கட்டளைச்சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 1920களில் அங்கொடையில் பெரிய மனநோய் மருத்துவமனை எழுந்தது. அதன்பின் 'அங்கொடை' என்பது தமிழிலும் சிங்களத்திலும் ஓர் ஊரின் பெயராக இல்லாமல் ஒரு வசைச்சொல்லாயிற்று. யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றுக்கு அங்கொடை என்றால் தூரம், வேற்றுமொழி, இனிமேல் கலியாணம் பேச முடியாத வீடு.

ஆனால் வயோதிபருக்கு நாம் வேறு சொல் வைத்திருந்தோம். "அறளை பேந்திட்டுது." அதில் வசையும் உண்டு, மன்னிப்பும் உண்டு. அறளை பெயர்ந்தவர் பைத்தியமல்ல; வயதின் ஒரு கட்டத்துக்கு வந்தவர். அவர் இல்லாததைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒழுங்கைக்குள் இறங்கி நடந்தால் யாராவது கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவார்கள். ஊரே மதிலாக இருந்தது, கதவு பூட்டவேண்டியிருக்கவில்லை. அதே சொல்தான் அதை நோயாகப் பார்க்கவிடாமலும் செய்தது. 1998இல் தொடங்கிய 10/66 என்ற ஆய்வுக்குழு கண்டது இதைத்தான். மறதிநோய் கொண்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வறிய நாடுகளில் வாழ, ஆய்வுகளில் பத்தில் ஒன்றுகூட அவர்களைப் பற்றியதல்ல என்பதே அந்தப் பெயரின் பொருள். கேரளத்தின் திருச்சூரிலும் கோவாவிலும் அவர்கள் வீடுவீடாகப் போனபோது குடும்பங்கள் இதை நோயென்று கருதவில்லை, வயது என்றார்கள். பராமரித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், பல வீடுகளில் மருமகள்மார். அவர்களின் களைப்புக்கும் மனச்சோர்வுக்கும் யாரும் பெயர் வைத்திருக்கவில்லை.

ஊர் என்ற மதிலையும் இலட்சியமாக்கவேண்டாம். 2001 ஓகஸ்ட் 6ஆந் திகதி தமிழ்நாட்டில் ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது 28 மனநோயாளர்கள் எரிந்து இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் எதிரிகளல்ல, தாய்தகப்பனும் சகோதரரும். தர்காவின் அருளில் நம்பிக்கையும் வேறு வழியில்லாமையும் சேர்ந்து கொண்டுவந்து விட்டன. பாரிசில் சங்கிலிகள் கழன்று இருநூறு வருடங்களின் பின்னர், தமிழ் பேசும் மண்ணில்.

அதே தமிழ்நாட்டில் இதற்கு நேர்மாறான இன்னொரு வரலாறும் உண்டு. 1950களில் பஞ்சாபின் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் இடநெருக்கடி தாங்காமல், வித்யா சாகர் என்ற மருத்துவர் வளாகத்துக்குள் கூடாரங்கள் அடித்து நோயாளிகளின் குடும்பத்தினரையும் உடன் தங்கவைத்தார். நோயாளிகள் விரைவாகத் தேறினார்கள். வீட்டார் பயம் தெளிந்து கூட்டிப்போனார்கள். 1957இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் மனநல மையம் ஆரம்பித்தபோது, ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் என்ற கனேடிய மருத்துவரின் தலைமையில் அதே வழியைப் பின்பற்றியது. மேற்கு நாடுகளில் குடும்பத்தையே நோயின் காரணமாகப் பார்க்கும் கோட்பாடுகள் செல்வாக்குப் பெற்றிருந்த காலம் அது. வேலூரில் குடும்பத்தை உள்ளே அழைத்து, இது நோய், இதை இப்படிக் கையாளவேண்டும், நீங்களும் தூங்கவேண்டும் என்று கற்பித்தார்கள். பராமரிப்பாளரும் சிகிச்சைக்கு உரியவர் என்ற கருத்து வெள்ளைக்காரனிடமிருந்து நாம் கடன் வாங்கவேண்டிய ஒன்றல்ல.

4

பிரான்சுக்கு அந்தப் பாடத்தைப் புகட்டியவர் ஓர் அகதி.

ஜேர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் பிரெஞ்சு மனநோய் மருத்துவமனைகளில் ஏறத்தாழ 45,000 பேர் பட்டினியாலும் அதனால் வந்த நோய்களாலும் இறந்தார்கள். பங்கீட்டு உணவை வெளியில் நிரப்பிக்கொள்ள வழியில்லாதவர்கள் அவர்கள். லொசேர் மலைப்பகுதியில் செயின்-அல்பான் மருத்துவமனையில் பெரும்பாலானோர் தப்பினார்கள். நோயாளிகளும் தாதிகளும் கன்னியாஸ்திரிகளும் மதிலுக்கு வெளியே போய்த் தோட்டங்களில் வேலைசெய்து உருளைக்கிழங்கு கொண்டுவந்தார்கள், காளான் பொறுக்கினார்கள். அதை நடத்தியவர்களில் முக்கியமானவர் பிரான்செஸ்க் தொஸ்கெயஸ். கத்தலோனியர், மார்க்சியர், பிராங்கோவிடமிருந்து தப்பி 1939இல் மலை கடந்து வந்தவர், செப்ஃபொன் அகதி முகாமில் சேற்றுக்குள் ஒரு மனநலப் பிரிவை உருவாக்கியவர். 1940 ஜனவரியில் செயின்-அல்பானுக்கு அழைக்கப்பட்டபோது அவருடைய ஸ்பானியப் பட்டம் செல்லாது. முதலில் தாதியின் தரத்தில் வேலை. மருத்துவப் படிப்பைத் திரும்பப் படித்து மீண்டும் மருத்துவரானார். படித்த பட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத் தொழிற்சாலைக்குப் போகும் எம்மில் பலருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மருத்துவமனைதான் முதலில் குணமாகவேண்டும் என்பது அங்கு பிறந்த கருத்து. மனநல மருத்துவத்தை மதிலிலிருந்து வெளியேற்றிப் பிரதேசவாரியாக மக்களிடம் கொண்டுசென்ற 1960 மார்ச் 15ஆந் திகதிய சுற்றறிக்கையின் வேர் அங்கேயும் இருக்கிறது.

1952இல் அங்கே பயிலவந்த மார்த்தினிக் தீவு இளைஞர் பிராண்ஸ் ஃபனன். 1953 இறுதியில் அல்ஜீரியாவின் பிளிடா மருத்துவமனையில் ஒரு பிரிவுக்குப் பொறுப்பேற்றதும் செயின்-அல்பான் முறைகளை அப்படியே அமுல்படுத்தினார்: கூட்டங்கள், பத்திரிகை, சங்கீதம், கைவேலை. ஐரோப்பியப் பெண்களின் விடுதியில் அவை வேலைசெய்தன. முஸ்லிம் ஆண்களின் விடுதியில் படுதோல்வி. ஃபனனும் உதவியாளர் அசூலேயும் 1954இல் அந்தத் தோல்வியை ஒளிக்காமல் எழுதினார்கள். தாங்கள் இன்னொருவரின் மொழியையும் பழக்கத்தையும் கணக்கிலெடுக்காமல் ஐரோப்பிய வாழ்க்கையை அவர்கள்மேல் சுமத்தியதே பிழை என்று கண்டார்கள். பின்னர் மருத்துவமனைக்குள் ஒரு அரபுக் கோப்பிக்கடை திறந்தார்கள், பெருநாள்களைக் கொண்டாடினார்கள், கதைசொல்லியை அழைத்தார்கள். அதன்பின் அந்த மனிதர்கள் பேசத் தொடங்கினார்கள்.

அந்தக் கோப்பிக்கடைக்குப் பாரிசிலும் ஒரு உறவு உண்டு. 2003இல் பெல்வீலில், ரூ து பலி-கௌவில், மொன்செஃப் லபிதி என்பவர் வயதான புலம்பெயர் தொழிலாளருக்காக ஒரு சமூகக் கோப்பிக்கடையைத் திறந்தார். பெரும்பாலும் மக்ரெப் நாட்டவர். கட்டடங்களையும் கார்களையும் செய்து முடித்துவிட்டு ஒற்றை அறைகளில் முதுமையடைந்தவர்கள். அங்கே டொமினோ விளையாடலாம், தேநீர் குடிக்கலாம், ஓய்வூதியப் பத்திரம் நிரப்பலாம். மனநல நிலையம் என்று வாசலில் எழுதியிருந்தால் ஒருவரும் வந்திருக்கமாட்டார்கள். அதே வருடம் ஓகஸ்டில் வெப்ப அலையில் பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள். மிகப் பெரும்பாலானோர் வயோதிபர்கள், பலர் தனித்திருந்தவர்கள்.

5

அம்மாவை மருத்துவமனையொன்றுக்குக் கூட்டிப்போனோம். 1975இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட, முப்பது புள்ளிகள் கொண்ட ஞாபகப் பரிசோதனை. என்ன வருடம், எந்த மாடி, எந்தப் பிரதேசம், நூறிலிருந்து ஏழேழாகக் கழி, ஐந்தெழுத்துப் பிரெஞ்சுச் சொல்லொன்றைத் தலைகீழாகச் சொல். பதினான்கு வயது மகள் மொழிபெயர்த்தாள். இப்போது என்ன பருவகாலம் என்று கேட்டார்கள். அம்மா யோசித்துவிட்டு "சோளகம்" என்றா. மகளுக்கு அந்தச் சொல் தெரியாது. "தெரியாது என்கிறா" என்று சொன்னாள். அது ஜூலை மாதம். ஊரில் சோளகக் காற்று வீசும் காலம். பதில் சரி, புள்ளி பூச்சியம். வீட்டுக்கு வந்து அவள் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது.

மகளைக் குற்றம் சொல்வதற்கில்லை. பாட்டியின் மனதைப் பேத்தி மொழிபெயர்க்கும் நிலைக்கு அவளைத் தள்ளியவர்கள் நாங்கள். பிரான்சின் 2016 ஜனவரி 26ஆந் திகதிச் சட்டம் மருத்துவத்தில் மொழிபெயர்ப்பாளரையும் மத்தியஸ்தரையும் அங்கீகரித்திருக்கிறது. 1970இல் தொடங்கப்பட்ட ஐ. எஸ். எம். நிறுவனம் போன்றவை தொலைபேசியிலும் மொழிபெயர்க்கின்றன. நாம் கேட்பதில்லை. வீட்டு விஷயத்தை இன்னொரு தமிழன் கேட்டுவிடுவான் என்று பயம். இந்த லாச்சப்பலில் ஒரு சொல் எத்தனை கடை தாண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அதேபோல்தான் மற்றவையும். 2001ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த தன்னியக்க உதவிப்பணம் அறுபது வயதைத் தாண்டி மற்றவரில் தங்கியிருப்பவருக்கு உரியது. முறையான வதிவிடம் வேண்டும். அந்தப் பணத்தில் மகளையோ மருமகளையோ சம்பளத்துக்கு அமர்த்தவும் முடியும். வாழ்க்கைத்துணையை மட்டும் முடியாது. 2015ஆம் ஆண்டுச் சட்டம் பராமரிப்பாளருக்கு ஓய்வெடுக்கும் உரிமையைச் சொன்னது. 2020 முதல் பராமரிப்பு விடுப்புக்கு ஒரு நாளாந்தக் கொடுப்பனவு உண்டு. பகல்நேரப் பராமரிப்பு நிலையங்கள் உண்டு. இவற்றை ஒரு பராதீனமாக, மானக்கேடாக எம்மவர் பார்க்கிறார்கள். மானம் யாருடையது என்பது ஒரு கேள்வி. "வைச்சுப் பாக்கிறம்" என்று மேடையில் சொல்பவர் ஆண். பார்ப்பவள் பெண். எனது வீட்டில் அம்மாவைக் குளிப்பாட்டியதும், இரவில் நாலுமுறை எழும்பியதும், பாலம் தாண்டிவிட்டோம் அம்மா, இனிப் பயமில்லை என்று சொல்லி அவவைப் படுக்கவைத்ததும் எனது மனைவி. நான் ஒவ்வொரு முறையும் திகதியைத் திருத்தினேன். இது 1995 அல்ல, இது பிரான்ஸ் என்று. ஒவ்வொரு திருத்தலுக்கும் அம்மா முதல்முறை கேட்பதுபோல் பயந்தா. வரலாற்று விரிவுரையாளனுக்குத் தெரியாதது துப்பரவுத் தொழிலாளிக்குத் தெரிந்திருந்தது.

கொண்டியை இப்போது கழற்றிவிட்டோம். நான் பகல் வேலைக்கு மாறினேன். இரவு வேலைக்கான மேலதிகப் பணம் போயிற்று. கிழமையில் இரண்டு நாள் அம்மா பகல் நிலையத்துக்குப் போகிறா. அங்கே அவவோடு தமிழில் பேச ஆளில்லை. போர்த்துக்கீசக் கிழவியொருவரின் பக்கத்தில் இருந்து பீன்ஸ் நறுக்குகிறா. அது போதாது. கொண்டியிலும் பார்க்க நல்லது.

கோயில் கட்டினோம், வருடாவருடம் தேர் இழுக்கிறோம். பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பள்ளி நடத்துகிறோம். எண்பதுகளில் வந்த இளைஞர்கள் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்கள். பிரெஞ்சைத் தட்டுத்தடுமாறிக் கற்றவர்கள் மறதிநோயில் முதலில் இழக்கப்போவதும் அந்தப் பிந்திவந்த மொழியைத்தான். அடுத்த பத்துப் பதினைந்து வருடங்களில் இது என் தாயாரின் பிரச்சினையாக இராது, இந்த இதழை வாசிப்பவர்களின் பிரச்சினையாக இருக்கும்.

எனவே விவாதத்துக்காக மூன்று விஷயங்களை முன்வைக்கிறேன். ஒன்று, கிழமைக்கு ஒரு பின்னேரமாவது லாச்சப்பலில் ஒரு அறை: தேத்தண்ணி, தாயக்கட்டை, பத்திரம் நிரப்ப ஒருவர். வாசலில் மனநலம் என்று எழுதவேண்டாம். இரண்டு, மருத்துவத் தமிழ் தெரிந்த, வாயைக் கட்டத்தெரிந்த மொழிபெயர்ப்பாளர்களைப் பயிற்றுவித்தல். பிள்ளைகளை அந்த நாற்காலியிலிருந்து எழுப்புதல். மூன்று, பராமரிக்கும் பெண்கள் மட்டும் கூடிப் பேசும் ஒரு நேரம். அந்த நேரத்தில் கிழவர்களைப் பார்த்துக்கொள்வது ஆண்களின் வேலை.

கைதட்டிய நண்பர்கள் இவற்றுக்குப் பதில் எழுதவேண்டும். மறுப்பாக இருந்தாலும் சரி. ஆனால் எழுதுமுன், தங்கள் வீட்டில் திறப்பு யார் கையில் இருக்கிறது என்பதை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதட்டும்.